ஏழையிடம் பாடம் கேட்ட கருவி



பட்டணத்தில் உழைப்பவர் ஊரிலுள்ள குடும்பத்துக்குப் பணம் அனுப்புவது எவ்வாறு? வங்கிக் கணக்கு உடையவர்க்கு இது ஒரு கேள்வியே அன்று. ஆனால் ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், ஆப்பிரிக்க நாடாகிய கென்யாவின் தலைநகர் நைரோபியில் கூலிவேலை செய்தோர்க்கு அது பெருங்கவலையாயிருந்தது. ஊருக்குச் செல்லும் பேருந்து ஓட்டுநரிடமோ உறவினரிடமோ கொடுத்தனுப்புவர். அது முழுமையாகப் போய்ச் சேருமோ என்ற ஐயம் நெஞ்சை விட்டு அகலாது.

அந்நாட்டில் 2005ஆம் ஆண்டு, வோடபோன் நிறுவனமும் சஃபாரிகாம் நிறுவனமும், பிரித்தானிய அரசின் நிதியுதவியோடு ஒரு சோதனை முயற்சியைத் தொடங்கின. சிறுகடன் பெற்ற எளியோர் தம் தவணையைக் கைப்பேசி வழியே செலுத்த வேண்டும் என்பதே வடிவமைத்தோரின் எண்ணம். மக்களோ அதனை வேறு வகையில் கையாண்டனர். ஒருவர்க்கொருவர் பணம் அனுப்பிக் கொண்டனர். பயணம் புறப்படுமுன் ஓரிடத்தில் பணத்தைச் செலுத்தி, சென்று சேர்ந்த ஊரில் திரும்பப் பெற்றவர்களும் உண்டு. வழிப்பறிக்கு அஞ்ச வேண்டியதில்லை அன்றோ!

நாம் போற்ற வேண்டிய பண்பு இங்கேதான் உள்ளது. மக்களைத் திருத்த முற்படாமல், வடிவமைத்தோர் தங்கள் திட்டத்தையே திருத்திக்கொண்டனர். 2007 மார்ச்சில் ‘எம்-பெசா’ என்ற பெயரில் அது நாடெங்கும் வந்தபோது, வீட்டுக்குப் பணம் அனுப்புவதே அதன் முதன்மை நோக்கமாயிற்று. ‘பெசா’ என்றால் சுவாகிலி மொழியில் பணம். விலையுயர்ந்த கருவி வேண்டா, இணையமும் வேண்டா. மிக எளிய கைப்பேசியும் ஓர் இரகசிய எண்ணும் போதும். பணத்தைப் பெற்றுக்கொள்ளவும் எடுத்துக் கொடுக்கவும் தெருமுனைக் கடைக்காரரே முகவரானார்.

விளைந்த நன்மை சிறிதன்று. பொருளியல் அறிஞர்களான டவ்னீத் சூரியும் வில்லியம் ஜாக்கும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், இதனால் 1,94,000 கென்யக் குடும்பங்கள் வறுமையினின்று மீண்டன என மதிப்பிட்டனர். பெண்கள் தலைமை தாங்கிய குடும்பங்களே மிகுதியும் பயன்பெற்றன.

ஆயினும் மறுபக்கத்தையும் நாம் சொல்லியாக வேண்டும். 2012 முதல், அதே கைப்பேசியில் கடனும் நொடிப்பொழுதில் கிடைக்கலாயிற்று. அவசர வேளையில் அது கைகொடுத்தது மெய்யே. ஆனால் பின்னர்ப் பல கடன் செயலிகள் பெருகவே, திருப்பிச் செலுத்த இயலாமல் சிக்கிக்கொண்டோர் பலர். தாய்க்குப் பணம் அனுப்பிய அதே விரல், பின்விளைவை எண்ணாமல் கடனும் வாங்கிற்று.

பணம் அனுப்பும் வழியை அமைத்தவர்கள் ஏழையின் தேவையை உற்று நோக்கினர். கடன் வழியைப் பெருக்கியவர்களுள் எத்தனை பேர் அவ்வாறு நோக்கினர்? எளிதாக்குவது மட்டும் நன்மையாகிவிடாது. எதனை எளிதாக்குகிறோம் என்பதே கேள்வி.

நம் இல்லங்களின் பிள்ளைகள் பலர் இன்று இத்தகைய கருவிகளை உருவாக்கும் பணியில் இருக்கின்றனர். பெற்றோரே, அவர்கள் விடுமுறைக்கு வரும்போது இவ்வரலாற்றைச் சொல்லுங்கள். “நீ செய்வதைப் பயன்படுத்தப் போகிறவரின் வீட்டுத் திண்ணையில் ஒருநாளேனும் அமர்ந்திருக்கிறாயா? கொடுத்த பின்பும் ஒருமுறை போய்ப் பார்த்தாயா?” என்று அன்போடு கேளுங்கள்.