வேகத்தைக் கூட்டுமுன் எரிபொருள் பாதையைப் பாருங்கள்



தமிழ்ப்பள்ளி ஆசிரியன் ஒருவன் மகிழுந்துப் பொறியைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். அமெரிக்காவின் பழைய மகிழுந்துகளை மீட்டெடுத்து வலுவூட்டும் கலையைப் பற்றிச் சில காலமாகப் படித்தும் காணொலிகளில் கண்டும் வருகிறேன். அதனால் என் உள்ளத்தில் ஒரு கருத்து உறுதிப்பட்டுள்ளது. பொறியின் ஆற்றலைக் கூட்ட விரும்புகிறவர் முதலில் கைவைக்க வேண்டியது, அப்பொறிக்கு எரிபொருளைக் கொண்டு செல்லும் பாதையில்தான். இந்த வரிசையை மாற்றுகிறவர்கள் பணத்தை இழக்கின்றனர், பொறியை இழக்கின்றனர், தீ விபத்துக்கும் வழி வகுக்கின்றனர்.

மஸல் கார் என்பது யாது?

நடுத்தர அளவுள்ள, விலை மிகுதியில்லாத மகிழுந்தில் மிகப் பெரிய எட்டு உருளைப் பொறியைப் பொருத்தினால் கிடைப்பதே மஸல் கார். 1964-ஆம் ஆண்டில் வெளிவந்த போன்டியாக் ஜி.டி.ஓ. இவ்வகைக்கு வழிகாட்டியது என்பர். அதன் பொறி 389 கன அங்குலம். மூன்று கார்புரேட்டர்கள் பூட்டிய வகைக்கு 348 குதிரைத்திறன் என நிறுவனம் அறிவித்தது. 1970-இல் ஷெவர்லே ஷெவெல் வண்டியில் வந்த 454 கன அங்குல எல்.எஸ்.6 பொறிக்கு அறிவிக்கப்பட்ட ஆற்றல் 450 குதிரைத்திறன். பின்னர் மாசுக் கட்டுப்பாடும் காப்புறுதிக் கட்டண உயர்வும் 1973-ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்து அக்காலத்தை முடித்து வைத்தன.

எஞ்சியுள்ள வண்டிகளைப் பலர் இன்றும் போற்றிக் காத்து வருகின்றனர். அவர்களுள் ஒரு சாரார் பழைய பொறியைப் பிரித்துச் சீரமைத்து 500, 600 குதிரைத்திறன் வரை உயர்த்துகின்றனர். புதிய கேம்ஷாஃப்ட், புதிய உருளைத் தலைகள், பெரிய கார்புரேட்டர் எனப் பொறிமூடியைத் திறந்தால் பளபளக்கும் பொருள்களுக்குத் தாராளமாகச் செலவிடுகின்றனர். ஆனால், வண்டியின் அடியில் ஓடும் குழாய், பல வேளைகளில், ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தொழிற்சாலையில் பொருத்திய அதே குழாயாக இருக்கிறது.

ஆறாம் ஆண்டு மாணவனுக்கும் எட்டும் கணக்கு

இத்தகைய பொறி ஒரு குதிரைத்திறனை ஒரு மணி நேரம் ஈட்டுவதற்கு ஏறத்தாழ அரை பவுண்டு, அதாவது 227 கிராம் பெட்ரோல் தேவை. இது பொறிவல்லுநர்கள் பயன்படுத்தும் தோராய அளவு. 450 குதிரைத்திறனுக்கு மணிக்கு 102 கிலோகிராம் ஆகிறது. ஒரு லிட்டர் பெட்ரோலின் பொருண்மையை 0.74 கிலோகிராம் எனக் கொண்டால் 138 லிட்டர். 600 குதிரைத்திறனுக்கு 136 கிலோகிராம், அதாவது 184 லிட்டர். முழு விசையில் ஓடும்போது நிமிடத்திற்கு 3 லிட்டருக்கு மேல்! ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் புட்டிகள் இரண்டை ஒவ்வொரு நிமிடமும் அந்தக் குழாயின் வழியே கவிழ்ப்பதற்கு ஒப்பாகும்.

பம்பும் குழாயும் அந்த அளவைத் தராவிட்டால் என்ன நிகழும்? பெட்ரோல் முழுமையாக எரிய ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று தேவை. உச்ச ஆற்றல் வேண்டும்போது பெட்ரோலைச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்து, 12.5 முதல் 13 பங்கு காற்று என்ற அளவில் வைப்பர். பெட்ரோல் வரத்துக் குறைந்தால் கலவை மெலிந்துவிடும். மெலிந்த கலவை பெருஞ்சுமையில் எரியும்போது உருளைக்குள் வெப்பம் எல்லை மீறுகிறது. எரிதல் ஒழுங்கை இழந்து வெடிப்பாக மாறுகிறது. உந்துதண்டின் தலை உருகி ஓட்டை விழுவதற்குச் சில நொடிகளே போதும்.

இதில் ஏமாற்றும் தன்மை ஒன்று உண்டு. நின்ற இடத்தில் பொறி ஒரு குறையுமின்றி இயங்கும். மெதுவாக ஓட்டினாலும் குறை தெரியாது. உச்ச ஆற்றலைக் கேட்கும் அந்த நொடியில்தான் பற்றாக்குறை வெளிப்படும். அதனால்தான் பழைய குழாயே போதும் என்ற எண்ணம் பலருக்கும் எளிதில் வந்துவிடுகிறது.

பாதையைச் சீரமைக்கும் முறை

முதலில் பம்பு. பழைய வண்டிகளில் பம்பு பொறியின் பக்கவாட்டில் பொருத்தப்பட்டு, கேம்ஷாஃப்ட்டின் சுழற்சியால் இயங்கும். அது பின்னாலுள்ள தொட்டியிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி இழுக்க வேண்டும். உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைகிறது. அதனோடு பொறியின் வெப்பமும் சேர்ந்தால் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வரத்தைத் தடுக்கிறது. மின்பம்பைத் தொட்டிக்குள்ளோ தொட்டியின் அருகிலோ தாழ்வாகப் பொருத்தினால் இத்தொல்லை பெரிதும் நீங்கும். பம்புக்கு இழுப்பதைக் காட்டிலும் தள்ளுவது எளிது.

அடுத்து குழாய். பல சாதாரண வகைகளில் 5/16 அங்குலக் குழாயே இருந்தது. அதை 3/8 அங்குலமாக மாற்றுவது சிறிய மாற்றம் போலத் தோன்றும். உள்விட்டம் 5-க்கு 6 என்ற விகிதத்தில் கூடினால், குறுக்குப் பரப்பு 25-க்கு 36 என்ற விகிதத்தில் கூடும். அதாவது 44 விழுக்காடு! அதற்கும் மேற்பட்ட ஆற்றலுக்கு அரை அங்குலக் குழாயைப் பயன்படுத்துவர். பம்புக்கு முன்னால் பெரிய துகள்களைத் தடுக்கும் வடிகட்டி, பம்புக்குப் பின்னால் நுண்ணிய வடிகட்டி என இரண்டு தேவை. முன்னால் நுண்ணிய வடிகட்டியை வைத்தால் பம்பு மூச்சுத் திணறும்.

மூன்றாவது அழுத்தம். கார்புரேட்டருக்குச் சதுர அங்குலத்துக்கு 5 முதல் 7 பவுண்டு அழுத்தம் போதும். அதற்கு மேல் போனால் மிதவைக் கிண்ணத்தின் ஊசி வால்வு தாங்காது. பெட்ரோல் வழிந்து சூடான பொறியின்மேல் கொட்டும். ஆகவே, பம்பு வலியதாக இருந்தால் அழுத்தச் சீராக்கி இன்றியமையாதது. மிகுதியாக வரும் பெட்ரோலைத் தொட்டிக்கே திருப்பியனுப்பும் மீள்குழாயும் இருந்தால், பெட்ரோல் ஓடிக்கொண்டே இருப்பதால் பொறியருகே தேங்கிச் சூடேறாது.

கார்புரேட்டரை நீக்கிவிட்டு, அதே இடத்தில் மின்னணு எரிபொருள் தெளிப்பானைப் பொருத்துவோர் இப்பொழுது பெருகியுள்ளனர். இது பழைமைக்கு எதிரானது என்பது என் கருத்தன்று. 1957-ஆம் ஆண்டிலேயே ஷெவர்லே நிறுவனம் கார்வெட் வண்டியில் இயந்திர வகைத் தெளிப்பானை வழங்கியுள்ளது. ஆனால், மின்னணுத் தெளிப்பான்கள் பலவற்றுக்கு 40 முதல் 60 பவுண்டு அழுத்தம் வேண்டும். ஏழு பவுண்டுக்கு அமைந்த பழைய இரப்பர்க் குழாயில் இவ்வழுத்தத்தைச் செலுத்துவது, தீப்பெட்டியைக் குழந்தையின் கையில் கொடுப்பதற்குச் சமம்.

“எதையும் மாற்றாதே” என்போருக்கு

தொழிற்சாலையில் வெளிவந்தவாறே வண்டியைக் காக்க வேண்டும் என்போர் உளர். அவர்களின் பற்றை மதிக்கிறேன். ஆயினும், வண்டி மாறாவிட்டாலும் பெட்ரோல் மாறிவிட்டதே! அமெரிக்காவில் சாலை வண்டிகளுக்கு ஈயம் கலந்த பெட்ரோல் விற்பது 1996-ஆம் ஆண்டு தொடக்கத்தில் முற்றாகத் தடை செய்யப்பட்டது. இன்று அங்கே 10 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலே பரவலாகக் கிடைக்கிறது. எத்தனால் பழைய இரப்பரையும் பம்பின் சவ்வையும் சிதைக்கிறது, நீரை ஈர்க்கிறது. அக்கலவை முழுமையாக எரிய ஏறத்தாழ 14.1 பங்கு காற்றே போதும் என்பதால், பழைய அளவில் அமைந்த கார்புரேட்டர் சிறிது மெலிந்த கலவையையே தரும். ஆகவே, ஆற்றலைக் கூட்டாதவரும் இரப்பர்க் குழாய்களையாவது மாற்றியாக வேண்டும். எஸ்.ஏ.இ. ஜே30ஆர்9 என்று முத்திரையிட்ட குழாயோ, உள்ளே டெஃப்லான் பூசிய குழாயோ ஏற்றது. கழற்றிய பழைய பாகங்களைப் பெட்டியில் வைத்துக் காத்தால் வரலாறும் அழியாது.

இன்னொன்று: விபத்தில் பொறி நின்ற பின்னும் மின்பம்பு ஓடிக்கொண்டிருந்தால், உடைந்த குழாய் வழியே பெட்ரோல் பீறிட்டுக்கொண்டே இருக்கும். மோதலின் அதிர்ச்சியில் மின்சாரத்தைத் துண்டிக்கும் பொத்தானைப் பொருத்துவதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது. அதைத் தவிர்ப்பவரை வண்டிப் பற்றாளர் என்று நான் ஏற்க மாட்டேன்.

இதை இங்கே எழுதுவது ஏன்?

மேலே சொன்னவற்றை மீண்டும் பாருங்கள். பொருண்மை, கொள்ளளவு, விகிதம், பரப்பளவு, அழுத்தம் எல்லாம் நாம் கரும்பலகையில் எழுதும் பாடங்களே. வகுப்பில் “இது எதற்கு, ஐயா?” என்று கேட்கும் மாணவனிடம் 600-ஐ 227-ஆல் பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். விடையைப் பிழையாகக் கண்டால் உந்துதண்டில் ஓட்டை விழும் என்று சொல்லுங்கள். தசமப் புள்ளியை இடம் மாற்றி வைக்க அவன் அஞ்சுவான்.

பெற்றோருக்கும் ஒரு சொல். மகன் வண்டியைப் பிரித்துப் பார்க்க ஆசைப்பட்டாலே, “படிப்பு வராதவன் போகும் வழி” என்று சொல்லும் வழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. சாலையில் பந்தயம் ஓட்டிக் கெட்டுப்போவான் என்ற அச்சமும் உண்டு. அந்த அச்சம் நியாயமானது. ஆனால், அதற்கு மருந்து அறிவைத் தடுப்பதன்று. கணக்கறியாமல் வேகத்தை மட்டும் விரும்புகிறவனே ஆபத்தானவன். அளந்து, குறித்து, சோதித்து, அதன் பிறகே விசையைக் கூட்டக் கற்றவன் பொறுப்புள்ளவனாகிறான். நம் நாட்டில் தொழிற்கல்லூரிகள் உள்ளன. மலேசியத் திறன் சான்றிதழ் உண்டு. அதற்கு மேல் டிப்ளோமா நிலைகளும் உண்டு. வண்டியின் அமைப்பை மாற்றுவதற்குச் சாலைப் போக்குவரத்துத் துறையின் விதிகளும் உண்டு. இவற்றை மகனோடு அமர்ந்து படியுங்கள்.

அவன் “அப்பா, வண்டியின் வேகத்தைக் கூட்டலாமா?” என்று கேட்டால் உடனே சினவாதீர்கள். “ஒரு நிமிடத்திற்கு எத்தனை லிட்டர் தேவைப்படும்? உன் குழாய் அதைத் தருமா?” என்று திருப்பிக் கேளுங்கள். விடையைத் தாளில் எழுதிக் கொண்டு வரும்வரை திருகுவிசையைத் தொடக்கூடாது என்றும் சொல்லுங்கள்.

மாற்றுக் கருத்துடையோர் தயங்காது எழுதுங்கள், கற்றுக்கொள்ளக் காத்திருக்கிறேன்.