ஞானஸ்நான வீட்டில் பாப்பா படும் பாடு!

அழைப்பிதழ் அடித்தாச்சு. மண்டபம் பேசியாச்சு. பிரியாணி மாஸ்டருக்கும் சொல்லியாச்சு. தூத்துக்குடியிலிருந்து பெரியப்பா குடும்பம், சென்னையிலிருந்து அத்தை குடும்பம், துபாயிலிருந்து சித்தப்பா... எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலில் ஆஜர். நம் கத்தோலிக்கக் குடும்பங்களில் ஞானஸ்நானம் என்றால் சும்மாவா? பாதிக் கல்யாணம் அல்லவா!

கூட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிரசவம் முடிந்து வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்த பெண்ணுக்கு, நாலு சொந்தம் வந்து சிரித்துப் பேசுவதே ஒரு டானிக்தான். ஆனால் விழாவின் நாயகர் யார்? நாலு கிலோ எடைகூடத் தாண்டாத ஒரு சின்ன உயிர். அன்றைக்கு அது படும் பாட்டை என்றாவது கவனித்தீர்களா?

பிறந்த சில வாரங்களுக்குள் ஞானஸ்நானம் கொடுத்துவிட வேண்டும் என்று திருச்சபையின் 1983-ம் வருடச் சட்டத் தொகுப்பு பெற்றோருக்குச் சொல்கிறது. அதனால் பல வீடுகளில் நாற்பது நாள் கழிந்ததுமே நாள் குறித்துவிடுகிறார்கள். சடங்கில் குழந்தையைத் தொடுபவர்கள் யார் யார்? குருவானவர், அப்பா, அம்மா, ஞானப் பெற்றோர். அவ்வளவுதான். குளிர் காலமானால் தண்ணீரை முன்கூட்டியே வெதுவெதுப்பாக்கிக்கொள்ளவும் சடங்கு விதியிலேயே இடம் இருக்கிறது.

கோயிலுக்குள் இவ்வளவு பதனம். மண்டபத்துக்கு வந்ததும்? "எங்க மாமாவை உரிச்சு வெச்ச மாதிரில்ல இருக்கான்... இங்க குடுங்க மதினி!" என்று ஆரம்பிக்கும். ஒரு மடியிலிருந்து இன்னொரு மடி. கன்னத்தில் ஒரு முத்தம், உதட்டில் ஒரு முத்தம். போட்டோவுக்காக எழுப்பி உட்கார வைப்பார்கள். சாப்பிட்ட கையைத் துடைத்தும் துடைக்காமலும் நாற்பது பேர் தூக்கியாகிவிடும். அழுதால், "திருஷ்டி" என்பார்கள். அந்தப் பிஞ்சுக்குப் பசி, தூக்கம், புழுக்கம் என்று யாருக்கும் தோன்றாது!

இதில் என்ன கெட்டுப்போச்சு என்கிறீர்களா? சொல்கிறேன்.

கக்குவான் இருமல் இருக்கிறதே, அது பெரியவர்களுக்கு வந்தால் 'ஏதோ நாள்பட்ட இருமல்' மாதிரிதான் இருக்கும். தொண்டையைச் செருமிக்கொண்டே விருந்துக்கு வந்துவிடுவார்கள். அதே கிருமி ஒன்றரை மாதக் குழந்தைக்குப் போனால், இருமல் சத்தம்கூடக் கேட்காமல் மூச்சு நின்று நின்று வரலாம். அதற்கான தடுப்பூசி 6, 10, 14 வாரங்களில்தான் போடப்படுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 6 வாரம் என்றால் 42 நாள். நாற்பதாம் நாள் விழா வைத்தால், முதல் ஊசிக்கு முன்னாலேயே குழந்தையைக் கூட்டத்தில் விடுகிறோம்! உதட்டோரம் கொப்புளம் உள்ளவர் முத்தமிட்டால் பரவும் அக்கிக் கிருமியும், பெரியவர்களுக்கு வெறும் ஜலதோஷமாக வந்து போகும் வைரஸ்களும் இந்த வயதில் உயிருக்கே உலை வைக்கக் கூடியவை.

அடுத்தது, தேன். "நாக்குல ஒரு சொட்டு வெச்சா என்ன?" என்று ஒரு பாட்டியாவது கேட்பார். தேனிலேயே மருந்து குழைத்துக் கொடுக்கும் சித்த வைத்தியனான நானே சொல்கிறேன்: ஒரு வயது முடியும்வரை தேன் கூடவே கூடாது. சுத்தமான தேனிலும் பொட்டுலினம் என்ற கிருமியின் விதை இருக்கலாம். வீட்டு அடுப்பில் காய்ச்சினாலும் அது சாகாது. பெரியவர் வயிற்றில் முளைக்காத அது, சிசுவின் குடலில் முளைத்து நஞ்சைக் கக்கும். மலச்சிக்கல், ஈனக் குரலில் அழுகை, பால் குடிக்கச் சக்தியில்லாமல் துவண்டு போவது எல்லாம் அதன் அறிகுறிகள். அபூர்வம்தான், ஆனால் நம் வீட்டுக்கு வந்தால்? சர்க்கரைத் தண்ணீர், கிரைப் வாட்டர், அளவு தெரியாமல் இழைத்துக் கொடுக்கும் வசம்பு, உரைமருந்து ஒன்றும் வேண்டாம். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும்.

"அந்தக் காலத்துல இதெல்லாம் பார்த்தோமா?" என்பார்கள். பார்த்தார்கள்! வெளியிலிருந்து வந்தவனை, "காலைக் கையைக் கழுவிட்டு வாடா" என்று வாசலிலேயே நிறுத்தியவர்கள் நம் பாட்டிமார்தானே? நாற்பது நாள் தாயையும் பிள்ளையையும் தனி அறையில் வைத்துக் காத்ததும் அவர்கள்தான். அந்தக் கட்டுப்பாட்டை விட்டுவிட்டு, தேனை மட்டும் பிடித்துக்கொள்வது எந்த ஊர் நியாயம்?

சரி, இதை யார் வாய் திறந்து சொல்வது? பெற்றவளால் முடியுமா? புருஷனுடைய அத்தையிடம், "தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு அவள் அந்த வீட்டில் நிம்மதியாக இருக்க முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பாள். ராத்திரி பிள்ளை வீறிட்டு அழும்போது, அவளும் சேர்ந்து அழுவாள்.

ஆகவே இந்தப் பொறுப்பை ஞானத்தாயிடம் கொடுத்துவிடுங்கள் என்பது என் அபிப்பிராயம். தங்கச் செயினும் வெள்ளைக் கவுனும் வாங்கித் தருவதோடு அவர் கடமை முடிந்துவிடுமா? அன்றைக்கு முழுக்க பாப்பாவுக்கு அவர்தான் காவல். "பாப்பா தூங்கட்டும், தூர இருந்து ஆசீர்வாதம் பண்ணுங்க" என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மாமியாரும் ஒரு வார்த்தை ஒத்து ஊதினால் தீர்ந்தது பிரச்னை!

மண்டபத்தில் பால் கொடுக்கத் தனி அறை ஒன்று கேட்டு வாங்குங்கள். நைலான் கவுனுக்குள் மெல்லிய பருத்திச் சட்டை போடுங்கள். சளி, இருமல், காய்ச்சல் உள்ளவர்கள் பந்தியோடு நிறுத்திக்கொள்ளட்டும். சடங்கும் போட்டோவும் முடிந்தால் பாப்பா வீட்டுக்குப் போகட்டும். பிரியாணிக்கு அது தேவையில்லை!

விழா முடிந்த நாட்களில் குழந்தை பால் குடிக்க மறுத்தால், மூச்சு வாங்கினால், துவண்டு கிடந்தால், 100.4 டிகிரிக்குக் காய்ச்சல் வந்தால், கை வைத்தியம் செய்து நேரத்தைக் கடத்தாதீர்கள். என்னைப் போன்ற வைத்தியரிடமும் வர வேண்டாம். நேரே குழந்தை மருத்துவர் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்பது அவசர கேஸ்.

பாப்பா விரலுக்கு மோதிரம் போட வரிசையில் நிற்கும் சொந்தங்களே! மோதிரத்தை அம்மா கையில் கொடுங்கள். அதற்கு முன்னால் சோப்புப் போட்டு உங்கள் கையைக் கழுவுங்கள். அதுதான் அந்தக் குழந்தைக்கு நீங்கள் செய்யும் முதல் சீர்!