மதுவத் தீனைச் சோதனையின்றி வாங்கலாமா?

கடைகளில் ஈஸ்ற் என வழங்கும் மதுவம், பாணைப் பொங்கச் செய்வதற்கு மட்டுமன்றிக் கால்நடைத் தீனாகவும் பயன்படுகின்றது. பியர் ஆலைகளிலும் சாராய ஆலைகளிலும் எஞ்சும் மதுவத்தை உலர்த்திப் பொடியாக்கினால், அதில் நூற்றுக்கு 40 பங்கிற்கு மேற் புரதம் இருக்கும். கோழிக்கும் பன்றிக்கும் பசுவுக்கும் அது நல்லுணவு என்பதில் ஐயமில்லை. ஆயினும், இயற்கைப் பொருளாதலால் தீங்கற்றது எனக் கருதி, சோதனைச் சான்றின்றி அதனை வாங்குவது தவறு.

நீரிற் கரைந்துள்ள செம்பு, ஈயம், கட்மியம் முதலிய பார உலோகங்களை மதுவத்தின் கலச்சுவர் எளிதிற் பற்றிக்கொள்கின்றது. கலம் இறந்த பின்னரும் இவ்வியல்பு நீங்குவதில்லை. கழிவுநீரிலுள்ள உலோகங்களை அகற்ற மதுவத்தைப் பயன்படுத்தும் முறைகள் ஆராயப்பட்டதும் இதனாலேயே. அங்கே குணமாவது தீனிற் குற்றமாகின்றது. மதுவத்தை வளர்க்கும் பாகு, நீர், கலம், குழாய் ஆகிய எதிலிருந்தும் உலோகம் வந்து சேரலாம். ஈர மதுவத்தின் பெரும்பகுதி நீரே. உலர்த்தும்போது நீர் போய்விடும், உலோகம் பொடியிற் செறிந்து நிற்கும்.

ஸ்கொத்லாந்தின் விஸ்கி ஆலைகள் இதற்கு உதாரணமாகும். அங்குள்ள வடிகலங்கள் செம்பினாலானவை. முதல் வடிப்பின் பின் எஞ்சும், இறந்த மதுவம் கலந்த திரவத்தைச் செறியச் செய்து மாடுகளுக்குக் கொடுப்பர். வடிகலத்துச் செம்பு அதிற் சேர்ந்திருப்பதால் செம்மறிக்குக் கொடுப்பதில்லை. மாடு தாங்கும் செம்பைச் செம்மறி தாங்காது. செம்பு பல வாரங்களாக ஈரலிற் சேர்ந்து, பின் திடீரென இரத்தத்திற் கலக்கும். கண் மஞ்சளாகி, சிறுநீர் செந்நிறமாகக் கறுத்து, சில நாட்களில் ஆடு இறக்கும். அதுவரை யாதொரு குறையும் வெளியே தெரியாது. வடபகுதியிற் செம்மறி வளர்ப்போர் இதனை மனத்திற் கொள்ளவேண்டும்.

நெல்லும் காய்கறியும் பயிரிடுவோருக்கு இதனால் யாது என்று கேட்கலாம். உண்மையில் அவர்களுக்கே இதிற் கூடிய அக்கறை வேண்டும். விலங்கு உண்ணும் கட்மியத்தில் ஒரு சிறு பங்கே ஈரலிலும் சிறுநீரகத்திலும் தங்கும். எஞ்சியது சாணத்தோடு வெளியேறிப் பசளையாகத் தோட்டத்தை அடையும். பட்டி அடைத்த நிலத்திற்கும் இது பொருந்தும். தழை உக்குவதுபோல உலோகம் உக்குவதில்லை. கீரை வகைகள் கட்மியத்தை எளிதில் உறிஞ்சும். மண் புளிப்பாயின் இன்னும் கூடுதலாக உறிஞ்சும். கதிர் வரும் பருவத்தில் வயல் நீரின்றிக் காய்ந்தால் நெல்லும் அவ்வாறே செய்யும்.

யப்பானில் ஜின்சூ ஆற்று நீர் பாய்ந்த வயல்களிற் சுரங்கக் கழிவின் கட்மியம் அரிசியிற் சேர்ந்து, மக்களின் எலும்பையும் சிறுநீரகத்தையும் கெடுத்தது. கட்மியமே காரணமென அந்நாட்டரசு 1968 ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. வயல்களைச் சீர்செய்யும் வேலை 2012 ஆம் ஆண்டிலேயே முடிவுற்றது. எருவினால் அத்துணைப் பெருங்கேடு விளையுமென்பது இங்கு கருத்தன்று. மண்ணிற் புகுந்த கட்மியத்தை வெளியேற்றுவது எத்துணைக் கடினம் என்பதற்கே இது கூறப்பட்டது.

ஐரோப்பிய ஒன்றியம் 2002 ஆம் ஆண்டில் வகுத்த தீன் விதிகளில், பொதுவான தீன் மூலப்பொருள்களுக்கு ஈயத்தின் எல்லை கிலோகிராமுக்கு 10 மில்லிகிராம். மதுவத்திற்கோ 5 மில்லிகிராமே. மதுவத்தைத் தனியே பிரித்து எல்லையைப் பாதியாக்கியமை கவனிக்கத்தக்கது.

புரத அளவை மட்டும் பையில் அச்சிட்டு விற்பது போதாது. ஒவ்வொரு தொகுதிக்கும் ஈயம், கட்மியம், செம்பு ஆகியவற்றின் அளவைக் காட்டும் ஆய்வுகூடச் சான்றை விற்பவர் காட்டவேண்டும். செலவு கூடுமென்று வியாபாரிகள் முறையிடலாம். ஆனால் விற்பவர் ஒருமுறை சோதித்தால் தொகுதி முழுவதற்கும் போதும். வாங்கும் கமக்காரர் நூறு பேர் தனித்தனியே சோதிப்பது நடக்கக்கூடியதன்று. சான்று காட்ட மறுக்குமிடத்து, தேங்காய்ப் பிண்ணாக்கும் எள்ளுப் பிண்ணாக்கும் கிடைக்கும்வரை, மலிவு என்பதற்காக அம்மூட்டையை வீட்டிற்குக் கொண்டுசெல்லவேண்டிய அவசியமில்லை.