சம்பந்தம் வேறு, சபை வேறா?

“ஆண்டவருக்குள்ள நாம எல்லாரும் ஒண்ணுதான். ஆனா சம்பந்தம்னு வரும்போது நம்ம ஆளுகளப் பார்த்துத்தானே செய்யணும்?” தமிழ்நாட்டின் சேகரங்களிலும் பங்குகளிலும் இந்தப் பேச்சு சர்வசாதாரணம். சொல்கிறவர் பெரும்பாலும் நல்ல மனிதர். உபவாச ஜெபத்தைத் தவறவிடாதவர், தசமபாகம் கொடுப்பவர், அலுவலகத்தில் கை நீட்டாதவர். சாதி ஊர் வழக்கம், விசுவாசம் ஆத்துமாவின் காரியம், இரண்டையும் போட்டுக் குழப்பக்கூடாது என்று அவர் மனதார நம்புகிறார். அவர் நம்புவது தவறு. பலவீனம் என்று விட்டுவிடக்கூடிய தவறும் இல்லை. அவர் ஞாயிறுதோறும் அறிக்கையிடும் சுவிசேஷத்தையே அது மறுதலிக்கிறது.

கிறிஸ்தவப் பத்திரிகைகளில் வரும் மணமக்கள் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். இரட்சிக்கப்பட்ட, ஜெப வாழ்க்கையுள்ள, ஊழிய பாரமுள்ள வரன் தேவை என்று விளம்பரம் தொடங்கும். வயது, உயரம், படிப்பு, சம்பளம் வரும். அவற்றுக்கு முன்னாலோ பின்னாலோ சாதிப் பெயரும் வந்துவிடும், பல நேரம் உட்பிரிவோடு. இரட்சிப்பும் சாதியும் அங்கே சம தகுதிகள் போலத்தான் தெரியும். இரண்டில் ஒன்றை விட்டே ஆகவேண்டிய கட்டம் வரும்போதுதான் எது பெரியது என்று விளங்கும். சொந்த சாதியில் ஓர் இந்துப் பையன், நல்ல வேலையில் இருக்கிறான் என்றால் வழி பிறந்துவிடுகிறது: கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஞானஸ்நானம், புதிதாக ஒரு வேதாகமப் பெயர். அதே பெண்ணோடு வாலிபர் கூட்டத்தில் வளர்ந்து, ஞாயிறு பள்ளி நடத்தும் வேறு சாதிப் பையன் வந்து கேட்டால் வீட்டில் அழுகையும் அடியும். அந்நிய நுகத்தில் பிணைக்கப்படாதே என்று சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொடுத்த வீடுதான் அது. அந்த வீட்டுக்கு அந்நியன் யார்?

இது குடும்ப விஷயம், கோட்பாடு இல்லை என்பவர்கள் கலாத்தியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதி விசுவாசிகளோடு ஒன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து யாக்கோபின் ஆட்கள் வந்ததும் பயந்து பந்தியைவிட்டு விலகினார். விசுவாச அறிக்கையில் ஒரு சொல்லை அவர் மாற்றவில்லை, யாரையும் இழிவாகப் பேசவுமில்லை. அவர் மாற்றியது யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பதை மட்டுமே. அதற்காகத்தான் பவுல் அவரை எல்லார் முன்பாகவும் முகத்துக்கு நேரே எதிர்த்தார். அந்த நடத்தை சுவிசேஷத்தின் சத்தியத்துக்கு ஒத்ததல்ல என்று கண்டார். சாப்பாட்டு இடத்தில் பிரிவதே சுவிசேஷத்துக்கு விரோதம் என்றால், மணமேடையில் பிரிவதை எந்த வசனத்தைக் கொண்டு நியாயப்படுத்துவது?

ஊர் வழக்கம், மத விஷயமில்லை என்ற வாதம் நம் காலத்தில் பிறந்ததும் அல்ல. தரங்கம்பாடி மிஷனில் ராஜநாயக்கன் என்ற உபதேசியார் இருந்தார். தஞ்சை ராஜாவின் படையில் இருந்தவர், பறையர். தமிழில் அச்சான சுவிசேஷங்களைப் படித்து விசுவாசத்துக்கு வந்தார், தஞ்சைச் சீமையில் அடியும் மிரட்டலும் தாங்கி ஊழியம் செய்தார். குருப்பட்டத்துக்கு அவர் பெயரும் பேசப்பட்டது. அவர் கையால் திருவிருந்து வாங்க மற்றச் சாதியார் சம்மதிக்கமாட்டார்கள் என்ற அச்சம் குறுக்கே வந்தது. 1741இல் தியோகு என்பவருக்குப் பட்டம் கிடைத்தது. ராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியாராகவே இருந்தார். அவரிடம் குறைந்தது என்ன? ஜெபமா, வேத அறிவா, பாடுபட்ட சாட்சியா?

1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை விட்டபோது தஞ்சையிலும் வேப்பேரியிலும் பெருங்கூட்டம் சபையைவிட்டு வெளியேறியது. அவருக்கு முன்பே சாதி வேற்றுமையை நீக்கச் சொன்ன மிஷனரிகளை எதிர்த்து எழுதியவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார். அவருடைய கீர்த்தனைகளை இன்றும் கண்ணீரோடு பாடுகிறோம். அவர் பக்தியில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. அதனால்தான் அவரைச் சொல்கிறேன். அவ்வளவு பக்தியும் சாதியும் ஒரே நெஞ்சில் சண்டையில்லாமல் குடியிருக்க முடிந்திருக்கிறது. ஆவிக்குரிய வாழ்க்கை ஆழமானால் சாதி தானாக உதிர்ந்துவிடும் என்று பிரசங்க பீடத்திலிருந்து கொடுக்கப்படும் ஆறுதலை இந்த வரலாறு பொய்யாக்குகிறது.

சம்பந்தத்தில் மட்டும்தானே பார்க்கிறோம் என்பார்கள். சம்பந்தத்தோடு அது நின்றதே கிடையாது. பிள்ளைகளைக் கொடுத்து வாங்கும் வட்டம்தான் சபைத் தேர்தலில் அணியாகிறது, கல்லறைத் தோட்டத்தில் வரிசையாகிறது. வடக்கன்குளத்தில் பீடத்தில் மட்டும் சேரும்படி இரண்டு கைகளாகக் கோவில் எழுப்பி சாதிக்கொரு கையில் உட்கார்ந்தார்கள். பிரித்த தடுப்பை எடுத்தபோது, அது எங்கள் உரிமை என்று சென்னை உயர் நீதிமன்றம்வரை வழக்காடித் தோற்றார்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறையில் செத்தவர்களுக்கு நடுவே சுவர். 2008 மார்ச்சில் விழுப்புரம் மாவட்டம் எறையூரில் தனிப் பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கருக்கும் வன்னியர் கத்தோலிக்கருக்கும் மூண்ட மோதல் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் முடிந்து இரண்டு பேர் செத்தார்கள். சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016இல் தன் கொள்கை அறிக்கையில் ஒப்புக்கொண்டது.

அரசாங்கத்தின் பக்கமும் ஒரு கொடுமை இருக்கிறது. 1950ஆம் ஆண்டு ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956இல் சீக்கியர், 1990இல் பௌத்தர் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. ஆக, தலித் கிறிஸ்தவனைப் பார்த்து, நீ கிறிஸ்தவன், உனக்குப் பட்டியல் சாதி கிடையாது என்று அரசு சொல்கிறது. நீ கிறிஸ்தவன்தான், ஆனால் உன் சாதி எங்களுக்குத் தெரியும் என்று சபை சொல்கிறது. விசுவாசத்துக்கு இவ்வளவு விலை கொடுத்தவனைப் பார்த்து ‘எல்லாரும் ஒண்ணுதான்’ என்று பாடுவதற்கு நமக்கு வாய் கூச வேண்டும்.

பயம் நிஜம்தான். சொந்தபந்தம் முறிந்துவிடும், அடுத்த பிள்ளைக்கு வரன் வராது, ஊர் பேசும். ஆனால் வேலை போனவனிடம் கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று ஜெபித்துவிட்டு வருகிற நாம், நம் வீட்டு வாசலுக்கு வந்த பயத்தில் அதே கர்த்தரை ஏன் நம்பமாட்டோம்? பேதுருவை விலக வைத்ததும் பயம்தான். பவுல் அதைச் சாக்காக ஏற்றுக்கொள்ளவில்லை.

சாதிப் பெயர் போட்ட விளம்பரத்தை அச்சிடமாட்டோம் என்று திருமண்டலப் பத்திரிகைகள் முடிவெடுக்கலாம். ஒரு கமிட்டிக் கூட்டம் போதும். எந்தச் சாதிப் பையனும் பெண்ணும் வந்து கேட்டாலும் ஆயர் மூன்று வாரமும் தயங்காமல் கல்யாண ஓலை வாசிக்கட்டும், பெண் வீட்டார் அவர் பங்களாவுக்கு வந்து சத்தம் போட்டாலும் சரி. சொந்தபந்தம் புறக்கணிக்கிற அந்தக் கல்யாணத்துக்கு சபை மூப்பர்கள் மனைவி மக்களோடு போய், தாய் தகப்பன் உட்கார வேண்டிய முன்வரிசையில் உட்காரட்டும்.