கூரையை மாற்றுமுன்

ஐப்பசி அடைமழையில் ஒழுகும் இடத்தில் ஓர் அண்டாவை வைத்துச் சமாளித்துவிட்டு, மழை ஓய்ந்ததும் அதனை மறந்துவிடுவது நம் குடும்பங்களின் வழக்கம். சில ஆண்டுகள் இவ்வாறே கழிந்தபின், பொறுமையிழந்த ஒரு நாளில், ஓடுகளை முற்றிலும் பிரித்துவிட்டுத் தளம் போட்டுவிடுவதென முடிவு செய்கின்றனர். ஓட்டு வீடென்றால் பெண் கொடுக்கத் தயங்கும் உலகம் இது என்பதை நாம் அறியாமலில்லை. ஆயினும் கடன் வாங்குமுன் ஏணியொன்றை வைத்து ஏறிப் பார்ப்பது நலம். ஒழுகுவது பெரும்பாலும் ஓட்டின் குற்றமன்று. நழுவிய ஓடு நாலைந்து, வெடித்துப்போன முகட்டுப் பூச்சு, உளுத்த ரீப்பர் ஆகியவையே காரணமாயிருக்கும். இவற்றைச் செப்பனிடச் சில நாள் கூலி போதும். கைமரங்களையும் உத்திரத்தையும் கரையான் அரித்திருந்தால் மட்டுமே முழுக் கூரையையும் மாற்றுவது இன்றியமையாதது.

தளம் போட விரும்புவோர் முதலில் நோக்கவேண்டியது சுவரை. மங்களூர் ஓடும் அதைத் தாங்கும் சட்டங்களும் சேர்ந்து ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 65 கிலோ எடைதான் இருக்கும். ஐந்து அங்குலக் கான்கிரீட் தளமோ அதே பரப்பில் 300 கிலோவைத் தாண்டும். மண் சாந்தில் எழுப்பிய பழஞ்சுவரும், ஆழமில்லாத அடித்தளமும் இப்பாரத்தைத் தாங்குமா? கொத்தனாரின் துணிவை நம்பாது, பொறியாளர் ஒருவரை அழைத்து அடித்தளத்தைத் தோண்டிக் காட்டுக. அவருக்குக் கொடுக்கும் தொகையை வீண்செலவென்று கருதுவோரை நாம் கண்டிருக்கிறோம், அச்சிக்கனம் ஆபத்தானது.

செலவுக்கு அஞ்சிக் கல்நார்த் தகடு வேய்வோர் உண்டு. கல்நார் என்னும் ஆஸ்பெஸ்டாஸின் நுண்ணிய இழைகள் மூச்சுடன் உட்சென்றால் நுரையீரல் நோயும் புற்றுநோயும் விளையக்கூடும். அவை பல பத்தாண்டுகள் கழித்தே வெளிப்படும். உலக நாடுகள் பல இதனை அறவே விலக்கியுள்ளன. நம் நாட்டில் இன்னும் விற்பனையாகிறது. புதிதாக இதனை வாங்கவேண்டாம் என்பதே நம் கருத்து. ஏற்கெனவே இருப்பது உடையாதிருக்குமாயின் அஞ்சவேண்டியதில்லை. அகற்றும்போதுதான் எச்சரிக்கை தேவை. நீர் தெளித்து நனைத்து, அறுக்காமலும் உடைக்காமலும் முழுத் தகடாகவே இறக்கவேண்டும். உடைந்த துண்டுகளைக் கொண்டு முற்றத்துப் பள்ளத்தை நிரப்புவதும், தூசியை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்குவதும் கூடாது. குழந்தைகளை அன்று உறவினர் இல்லத்திற்கு அனுப்பிவிடுக. மேலும், பழந்தகடு ஓர் ஆளின் எடையைத் தாங்காது திடீரென உடையும். கூலியாளுக்கு ஆபத்து நேர்ந்தால் ஒரு குடும்பமே தெருவில் நிற்கும். எனவே சட்டங்களின் குறுக்கே பலகை போட்டன்றி எவரையும் அதன்மேல் நடக்க விடாதீர்.

ஓட்டையே மீண்டும் வேய்வோருக்குச் சில சொற்கள். நாம் மங்களூர் ஓடு என்பது, பாசல் மிஷனார் 1865-இல் அந்நகரில் நிறுவிய ஆலையிலிருந்து பரவிய வகை. இதற்கு வாட்டம் இன்றியமையாதது: கிடையாக இரண்டடிக்குக் குறைந்தது ஓரடி உயர்ந்திருக்கவேண்டும். தகடு வேய்ந்திருந்த தாழ்ந்த சட்டங்களின்மேல் அப்படியே ஓட்டை அடுக்கினால், சாரல் உட்புகுந்தே தீரும். வாங்கும்போது விரலால் சுண்டுக, கணீரென ஒலிக்கவேண்டும். ஓர் ஓட்டை நிறுத்துப்பார்த்து, ஒரு பகலும் இரவும் நீரில் ஊறவிட்டு மீண்டும் நிறுக்க, எடை ஐந்திலொரு பங்குக்கு மேல் கூடியிருந்தால் அச்சரக்கு வேண்டாம்.

கடலோர மாவட்டத்தார்க்குக் காற்றே பெரும் பகைவன். 2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரைகடந்த கஜா புயலை எவரும் மறந்திரார். காற்று கூரையை அழுத்துவதைவிட மேனோக்கி இழுப்பதே மிகுதி. இறவாணத்தின் அடியில் புகுந்து தூக்கும். ஆதலால் இறவாணத்தை ஒன்றரை அடிக்கு மேல் நீட்டாதீர். கைமரங்களை இரும்புப் பட்டையால் சுவருடன் பிணைத்து, ஓர வரிசை ஓடுகளையும் முகட்டோடுகளையும் கம்பியால் கட்டுவித்தல் நன்று.

வேலையைப் பங்குனியில் தொடங்கி, ஆடிக்குள் முடித்துவிடுக. கோடை இடிமழைக்குத் தார்ப்பாய் ஒன்று கைவசம் இருக்கட்டும். பழைய மரம் யாருக்கு என்பதை முன்னரே எழுதிக்கொள்ளாவிடில், நல்ல தேக்குக் கைமரங்கள் வண்டியேறிவிடும். ஓர் ஆலையின் ஓடு மற்றோர் ஆலையின் ஓட்டோடு பள்ளத்திற்குப் பள்ளம் பொருந்துவதில்லை. எனவே ஐம்பது ஓடுகளை மிகுதியாக வாங்கிக் கொல்லைச் சுவரோரம் அடுக்கி வைத்துக்கொள்க.