எனக்கு அந்த ஸ்கேல் வேண்டாம்



கொஞ்சம் நீளமான பதிவு. பாதி படித்துவிட்டு "அருமை டீச்சர்" என்று கைகூப்பும் படத்தைப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். முழுதாகப் படியுங்கள், அப்புறம் திட்டுவதானாலும் திட்டுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பேரனுக்குப் புதுநன்மை. பூசை முடிந்து, மத்தியானம் சீரகச் சம்பா பிரியாணி முடிந்து, சாயங்காலம் உறவினர்களில் பாதிப் பேரும் பழைய மாணவர்கள் நாலைந்து பேரும் வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். என் தம்பி மகன் டிவியில் 'ஸ்படிகம்' போட்டான். 1995இல் பத்ரன் எடுத்த மலையாளப் படம். 2023இல் மெருகேற்றி மறுபடியும் தியேட்டரில் விட்டார்களே, அதுதான். தமிழில் 2007இல் 'வீராப்பு' என்று வந்தது, சுந்தர் சி.யும் பிரகாஷ்ராஜும் நடித்தார்கள். அதைப் பார்த்தவர்களுக்குக் கதை தெரிந்திருக்கும்.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. சாக்கோ மாஷ் என்று ஒரு கத்தோலிக்கத் தலைமையாசிரியர். திலகன் நடித்தார் என்று சொல்ல மனசு வரவில்லை, அவரேதான் அந்த ஆள். உலகமே கணக்கில்தான் சுற்றுகிறது என்று நம்புகிறவர். மகன் தோமஸுக்குக் கருவிகளைப் பிரித்துப் பூட்டுவதில் கை போகிறது, கணக்கில் போகவில்லை. கணக்கில் கெட்டிக்காரனான இன்னொரு பையனைக் காட்டிக் காட்டியே அப்பா அவனைச் சிறுமைப்படுத்துகிறார். பையன் வீட்டை விட்டு ஓடி, ஊரே பயப்படும் 'ஆடு தோமா'வாகத் திரும்புகிறான். அது மோகன்லால். கறுப்புக் கண்ணாடியும், வேட்டியை அவிழ்த்து எதிராளி தலையில் போட்டு அடிக்கிற அடியும் கேரளாவில் இன்றைக்கும் பிரசித்தம்.

படம் முடிந்ததும் ஆளாளுக்கு அபிப்பிராயம். என் நாத்தனாருக்கு அந்த அம்மா மேல்தான் கோபம், "அவ இடம் கொடுத்ததுனாலதான் பய கெட்டான்" என்று. (எந்தப் படம் பார்த்தாலும் அவருக்கு அம்மாதான் குற்றவாளி.) தம்பி மகனுக்குச் சண்டைக்காட்சி போதும். இப்போது வாத்தியாராக இருக்கும் என் மாணவர் ஒருவர், "இது மிகை டீச்சர், இப்படி வாத்தியார் எந்த ஊர்லயும் இருக்க மாட்டார்" என்றார். இன்னொருவர், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், சொன்னதுதான் எல்லோருக்கும் பிடித்தது: "அப்பா அடிச்சது பாசத்துலதான? அன்னைக்கு வாத்தியாருங்க அடிச்சதுனாலதான் நாமெல்லாம் மனுசனா இருக்கோம். இப்பத்தான் பசங்களத் தொடவே கூடாதுங்குறாங்க, அதான் தறுதலையாப் போகுதுங்க." உடனே எல்லோரும் என் பக்கம் திரும்பிச் சிரித்தார்கள். "நம்ம சாக்கோ மாஷ் இங்கதான உக்காந்துருக்காங்க!"

அப்போதுதான் ரகசியம் வெளியே வந்தது. வரும் டிசம்பரில் நடக்கப்போகும் மாணவர் சந்திப்பில் எனக்கு ஒரு பரிசு தயாராகிறதாம். வெள்ளி முலாம் பூசிய ஒரு அடி ஸ்கேல். 'எங்களைச் செதுக்கிய கோல்' என்று எழுத்துப் பொறித்து.

நானும் அன்றைக்குச் சிரித்துத்தான் வைத்தேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

பிள்ளைகளா, நீங்கள் பார்த்த படமும் நான் பார்த்த படமும் ஒன்றுதானா? சாக்கோ மாஷ் அந்தப் படத்தின் பெருமை இல்லை, அந்தப் படத்தின் சேதம். நல்லாசிரியர் என்று ஜனாதிபதி கையால் விருது வாங்கிய மனுஷன், தன் வீட்டுக்குள் இருந்த ஒரு கைச்சாமர்த்தியத்தைக் கண்ணால் பார்க்கவில்லை. கடைசியில் அவர் திருந்துகிறார், உண்மைதான். திருந்தி மகனைக் கட்டிப்பிடித்த சூட்டோடு குண்டடி பட்டுச் செத்தும் போகிறார். அதை நாம் "பாசம் ஜெயித்தது" என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறோம். எனக்கு அது ஜெயித்ததாகத் தெரியவில்லை. மகனின் இளமை முழுக்கப் போன பிறகு வந்த பாசத்தை வைத்து என்ன செய்வது?

"இப்படி வாத்தியார் எந்த ஊரிலும் இருக்க மாட்டார்" என்ற தம்பிக்கு: இருந்தார். திண்டுக்கல்லில் இருந்தார். நீ அவர் வீட்டில்தான் பிரியாணி சாப்பிட்டாய்.

அடுத்த கட்சி ஒன்று இருக்கிறது, அதையும் பேசிவிடுகிறேன். "இந்த மாதிரிப் படம் பார்த்துத்தான் பசங்க கெடுறாங்க." 2002இல் 'துள்ளுவதோ இளமை' வந்தபோது எங்கள் ஆசிரியர் அறையில் ஒரு வாரம் இதே பேச்சு. தனுஷின் முதல் படம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆறு பேர் வீட்டை விட்டு ஓடுகிற கதை. நானும் கூடச் சேர்ந்து காறித் துப்பினேன், படத்தைப் பார்க்காமலே. ரொம்ப வருஷம் கழித்து டிவியில் பார்த்தேன். கூசுகிற காட்சிகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளை வீட்டை விட்டுத் துரத்தியது எந்த சினிமாவும் இல்லை, அவர்கள் வீடுகள்தான். நாங்கள் படத்தைத் திட்டினோம், ஏனென்றால் அது எங்களைப் பற்றிப் பேசியது. 1981இல் 'பன்னீர் புஷ்பங்கள்' வந்தபோது நான் ஆசிரியர் பயிற்சி மாணவி. ஊட்டிப் பள்ளிக்கூடத்தில் பிரதாப் போத்தன் வாத்தியாராக வருவார், பிள்ளைகள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்பார். இப்படி ஒரு டீச்சராக இருக்க வேண்டும் என்று தோழிகளோடு பேசிக்கொண்டே விடுதிக்கு நடந்து வந்தது ஞாபகம் இருக்கிறது. பயிற்சியில் குழந்தை உளவியல் என்று ஒரு தாளும் இருந்தது. நல்ல மதிப்பெண்தான் வாங்கினேன். வேலைக்கு வந்த மூன்றாம் மாதம் கையில் ஸ்கேல் வந்துவிட்டது.

தட்டையாக அடித்தால் சத்தம்தான் வரும். நான் ஓரத்தால், விரல் முட்டியில் அடிப்பேன். 'செதுக்கிய கோல்' என்கிறீர்களே, விரலை மடக்கி வைத்து யாரையாவது அடிக்கச் சொல்லிப் பாருங்கள், என்ன செதுக்குகிறது என்று தெரியும்.

இனி நான் சொல்ல வந்தது.

1993. எட்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம், தப்பு பள்ளிக்கூடத்துடையது இல்லை. பையன் பெயரும் வேண்டாம். அவன் அப்பா பூட்டுப் பட்டறையில் கூலிக்கு வேலை பார்த்தவர். அப்போது நம் ஊரில் சந்துக்குச் சந்து ராவுகிற சத்தம் கேட்கும். 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு வந்தது என்று பெருமையாகப் பகிர்ந்தீர்கள். அதற்குள் அலிகார் பூட்டு வந்து பாதிப் பட்டறைகளை மூடிவிட்டிருந்தது, அது வேறு கதை. நம் மாங்காய்ப் பூட்டுக்குள் லீவர்கள் இருக்கும். ஒவ்வொரு லீவரும் அதனதன் உயரத்துக்குச் சரியாக எழும்பினால்தான் தாழ் நகரும். ஒரு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் திறக்காது. சாவியின் பல்லை ராவுகிறவர் மனசுக்குள் போடுகிற கணக்கு அது. அதைக் கையால் தெரிந்த பிள்ளைக்குத்தான் நான் பின்னக் கணக்கு வரவில்லை என்று முட்டியில் அடித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வகுப்பு அலமாரியின் சாவி தொலைந்து பத்து நாளாகிவிட்டது. உள்ளே சாக்பீஸ், வரைபடங்கள், அப்புறம் பிள்ளைகளிடம் வாங்கி வைத்த சஞ்சயிகா பணம். ஒரு நாள் இடைவேளை முடிந்து உள்ளே வருகிறேன், அலமாரி திறந்து கிடக்கிறது. அவன் கையில் வளைத்த குடைக்கம்பி. முகமெல்லாம் சிரிப்பு. "டீச்சர், தொறந்துட்டேன்!"

ஏன், எப்படி என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. ஸ்கேல் முறிகிற வரைக்கும் அடித்தேன். "அப்பன் பூட்டு செய்றான், மகன் ஒடைக்கிறானா?" என்று கேட்டதும் நான்தான். வகுப்பே சிரித்தது.

அவனை வெளியே முட்டி போட வைத்துவிட்டுப் பணத்தை எண்ணினேன். சரியாக இருந்தது. மறுபடியும் எண்ணினேன். ஒரு ரூபாய் குறையவில்லை.

அதை நான் வகுப்பில் சொல்லவில்லை. அடித்ததைவிட இதுதான் பெரிய தப்பு என்று இப்போது நினைக்கிறேன். அடி கோபத்தில் விழுந்தது. சொல்லாமல் விட்டது கோபத்தில் இல்லை, டீச்சர் தப்பாக அடித்துவிட்டார் என்று நாற்பது பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்ற கௌரவத்தில். மறுநாளிலிருந்து அவன் பெயர் 'கள்ளச்சாவி'. அரையாண்டுப் பரீட்சைக்கு அவன் வரவில்லை. பட்டறைக்குப் போகிறான் என்றார்கள். வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் அடித்தேன்.

பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சாமியாரிடம் சொல்லிவிட்டேன், அவனிடம் சொல்லவில்லை. இரண்டும் ஒன்றில்லை என்று என் வகுப்பில் பூசைக்கு உதவி செய்துவிட்டு ரசத்தில் ஒரு மடக்கு குடித்து மாட்டிக்கொள்வார்களே, அந்தப் பீடச் சிறுவர்களுக்கே தெரியும்.

2011இல் வீட்டுப் பீரோ சாவி உடைந்துபோய், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடைபாதையில் சாவி போடுகிற ஒருவரிடம் போய் நின்றேன். தலை நரைத்த ஆள். நிமிர்ந்து பார்த்ததும் எழுந்துவிட்டார். "டீச்சர், என்னைத் தெரியலையா?" அவன்தான். பக்கத்துக் கடைக்காரரிடம் பெருமையாகச் சொல்கிறான்: "எங்க டீச்சர்ண்ணே. இவங்க அடிச்ச அடியிலதாண்ணே நான் திருந்துனேன்."

எதிலிருந்து திருந்தினான்? அவன் எதையும் எடுக்கவில்லையே.

சாவிக்குக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டான். நான் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு வந்தேன். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். கடைக்காரர் நின்றார், பஸ் வந்தது, என்னென்னவோ காரணம். அப்புறம் நான் போனபோது அந்த இடத்தில் வேறு ஒருவர் இருந்தார்.

இப்போது புரிகிறதா, "அடிச்சதுனாலதான் நல்லா இருக்கோம்" என்று நீங்கள் சொன்னால் எனக்கு ஏன் வயிறு கலங்குகிறது என்று? அடி வாங்கினவன் நன்றி சொல்வதை வைத்து அடி நல்லது என்று எப்படி முடிவு பண்ணுவது? செய்யாத திருட்டிலிருந்து திருந்தினேன் என்று நம்ப வைக்க முடிகிறது என்றால் அடிக்கு அவ்வளவு சக்தி. அப்புறம் இன்னொன்று. டிசம்பர் சந்திப்புக்கு யார் வருவார்கள்? தேறினவர்கள். வங்கியில் இருப்பவர், போலீசில் இருப்பவர், துபாயிலிருந்து லீவில் வருபவர். பாதியில் நின்றவன் அந்தக் குரூப்பிலேயே இல்லை. அவனைக் கேட்காமல் நீங்களே கூடி ஓட்டுப் போட்டு எனக்குச் சான்றிதழ் கொடுக்கிறீர்கள்.

"முருங்கையை முறித்து வளர், பிள்ளையை அடித்து வளர்" என்பார் என் மாமியார். அவருக்கே தோட்டம் இருந்தது. ஒட்டன்சத்திரம் பக்கம் முருங்கை போடுகிற யாரையும் கேளுங்கள். செடி இடுப்புயரம் வந்ததும் நுனிக் கொழுந்தைக் கிள்ளுவார்கள், காய்ப்பு ஓய்ந்த பிறகு கவாத்து செய்வார்கள். கோபம் வந்தபோதெல்லாம் போய் முறிக்கிறவன் யாருமில்லை. மரத்துக்குக் காட்டுகிற நிதானம்கூட என்னிடம் இல்லை.

கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்தது, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. அதன் 17ஆம் பிரிவு பிள்ளைகளை உடம்பாலும் மனசாலும் வதைக்கக் கூடாது என்கிறது. "கையைக் கட்டிப்போட்டுட்டாங்க" என்று ஆசிரியர் அறையில் புலம்பியவர்களில் நானும் ஒருத்தி. பணி ஓய்வு வரைக்கும் ஒன்பது வருஷம் ஸ்கேல் இல்லாமல் கணக்கு நடத்தினேன். சிரமமாகத்தான் இருந்தது. வகுப்பில் சத்தம் கூடியது, உண்மை. ஆனால் தப்பாகப் போட்ட கணக்கை நோட்டை மறைக்காமல் கொண்டு வந்து காட்டினார்கள். அதற்கு முன்னால் இருபத்தைந்து வருஷம் யாரும் அப்படிக் காட்டியதில்லை. ஒரு பிள்ளைக்கு எங்கே தடுக்குகிறது என்றே தெரியாமல் இத்தனை வருஷம் கணக்கு டீச்சராக இருந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பேசிய தகப்பனே, நீ உன் மகன் பள்ளிக்கூடத்தில் போய், "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்ததாகச் சிரித்துக்கொண்டே சொன்னாய். பக்கத்தில் உன் மகன் உட்கார்ந்திருந்தான். அவன் சிரிக்கவில்லை, நான் பார்த்தேன். நாளைக்கே போய் அந்தச் சொல்லைத் திரும்ப வாங்கிக்கொண்டு வா. அப்புறம் என்னைப் பார்க்க வா.

ஸ்கேலுக்கு ஆர்டர் கொடுத்திருந்தால் ரத்து செய்துவிடுங்கள். முன்பணம் போனால் நான் தருகிறேன். கொண்டு வந்தால் மேடையில் வாங்க மாட்டேன், அவமானப்படுத்திவிட்டார் டீச்சர் என்று அப்புறம் வருத்தப்படக் கூடாது.

1993இல் எட்டாம் வகுப்பில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். அன்றைக்கு அலமாரியில் இருந்த சஞ்சயிகா பணம் 212 ரூபாய். இரண்டு தடவை எண்ணினேன். 212 ரூபாயும் அப்படியே இருந்தது. அவன் சாக்பீஸ் எடுத்துக் கரும்பலகைத் தட்டில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தான். அவன் இருக்கும் இடம் யாருக்காவது தெரிந்தால் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். இங்கே எழுத வேண்டாம்.