பழைய கைப்பிடியைக் கழற்றலாமா?

துணிமணி வைக்க ஒரு மரப்பெட்டி. அதில் நாலைந்து இழுப்பறைகள். இழுப்பதற்குப் பித்தளைக் கைப்பிடிகள். 200 ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் வசதியான வீடுகளில் இந்தப் பெட்டி இருந்தது.

அந்தக் காலத்து மரச்சாமான்களுக்குப் பிற்காலத்தில் பெரிய கிராக்கி ஏற்பட்டது. 1989-ம் ஆண்டு நியூயார்க்கில் நடந்த ஏலத்தில், நியூபோர்ட் நகரில் செய்த பழைய மேசை அலமாரி ஒன்று 1 கோடியே 21 லட்சம் டாலருக்குப் போயிற்று!

பழைய பெட்டி கைக்கு வந்ததும் சிலர் என்ன செய்கிறார்கள்? மங்கிப்போன கைப்பிடிகளைக் கழற்றிப் போடுகிறார்கள். பளபளக்கும் புதுக் கைப்பிடிகளை மாட்டுகிறார்கள். இது பெருந்தவறு.

கடல் கடந்து வந்தவை

பாஸ்டன், பிலடெல்பியா, நியூபோர்ட் ஆகிய நகரங்களில் தச்சர்கள் பெட்டியைச் செய்தார்கள். ஆனால் கைப்பிடிகள் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தன. பர்மிங்காம் நகரம் அதற்குப் பேர் போனது. பித்தளையை உருக்கி, மணல் அச்சில் வார்த்து, அரத்தால் ராவி அவற்றைச் செய்தார்கள்.

வயதைச் சொல்லும் சாட்சி

1700-ம் ஆண்டு வாக்கில் கைப்பிடிகள் கண்ணீர்த் துளிபோல் தொங்கின. பிறகு, வௌவால் சிறகு விரித்ததுபோன்ற தகடுகள் வந்தன. 1790 வாக்கில் முட்டை வடிவத்தில் மெல்லிய தகடுகள் வந்தன. அவற்றில் பூவும் கழுகும் பதித்திருந்தார்கள்.

ஆகவே, கைப்பிடி பெட்டியின் வயதுக்குச் சாட்சி. சாட்சியைக் கலைத்தால் விலையும் குறையும். மாற்றியதை மறைக்கவும் முடியாது. இழுப்பறையின் உட்புறத்தைப் பாருங்கள். வேண்டாத பழைய துளைகள் உண்மையைச் சொல்லிவிடும்!

தேய்ப்பதும் ஆபத்து

"புதிதில் பித்தளை மின்னியதுதானே? தேய்த்தால் என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். மின்னியது உண்மைதான். ஆனால் அழுத்தித் தேய்த்தால் அழுக்கு மட்டுமா போகிறது? செதுக்கிய கோடுகளும் தேய்ந்து போகின்றன. போன கோடு திரும்பி வராது. மெல்லிய துணியால் தூசியைத் துடைத்தாலே போதும்.

ஒரு கைப்பிடி தொலைந்துவிட்டதா? மற்றவற்றைப் பார்த்து அதுபோல் ஒன்று செய்துகொள்ளலாம். ஒன்றுக்காக எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை. முன்பே மாற்றியிருந்தால், கழற்றிய பழையவற்றைப் பெட்டிக்குள்ளேயே பத்திரமாக வைக்க வேண்டும்.

பளபளப்பைக் கடையில் வாங்கலாம். 200 ஆண்டு வயதை எந்தக் கடையில் வாங்குவது?